கறையையும் பரப்பையும் பார்த்து டிடர்ஜென்ட் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆய்வகக் குடுவையானாலும் ஆலையின் கலவைத் தொட்டியானாலும், ஒட்டியிருப்பது எது, அது ஒட்டியிருக்கும் பரப்பு எதனால் ஆனது என்ற இரண்டையும் அறிந்த பிறகே டிடர்ஜென்டைக் கையில் எடுக்க வேண்டும். எண்ணெய், கொழுப்பு, புரதம் ஆகியவற்றைக் காரத்தன்மை உள்ள டிடர்ஜென்ட் நன்றாக நீக்கும். சுண்ணாம்புப் படிவையும் துருவையும் அமிலமே கரைக்கும். பால் பதப்படுத்தும் ஆலைகளில் குழாய்களை முதலில் காஸ்டிக் சோடா என்ற காரத்தாலும், பிறகு நைட்ரிக் போன்ற அமிலத்தாலும் கழுவுவது இதனால்தான்: கொழுப்பும் புரதமும் முன்னதில் போகும், தாது உப்புப் படிவு பின்னதில் போகும். ஆனால் அலுமினியப் பாகம் இருந்தால் கடுங்காரத்தை அண்டவிடக் கூடாது. அது உலோகத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். குளோரின் கலந்த கரைசலில் நெடுநேரம் கிடக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சிறு குழிகள் விழும். கண்ணாடியைக்கூடச் சூடான காரம் மெல்ல மெல்ல அரிக்கும் என்பதால், அளவுக் குடுவைகளையும், திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட் குழாய்களையும் அதில் இரவு முழுவதும் ஊறவிடாதீர்கள்.

இரத்தமோ வேறு புரதமோ படிந்த கருவியை எடுத்த எடுப்பில் வெந்நீரில் போடுவது பலர் செய்யும் தவறு. வெப்பத்தில் முட்டை வெள்ளை இறுகுவதைப் போலவே அந்தப் புரதமும் பரப்பில் இறுகிவிடும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் எளிதில் வராது. முதலில் குளிர்ந்த நீரில் அலசி, பிறகு புரதத்தைச் சிதைக்கும் நொதி (என்சைம்) கலந்த டிடர்ஜென்டில் ஊறவையுங்கள். நொதியும் அதிக வெப்பத்தில் செயலிழக்கும் என்பதால், உறையில் குறிப்பிட்டுள்ள வெப்பநிலையைத் தாண்டக் கூடாது.

செறிவையும் உறையில் உள்ளபடியே வையுங்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகச் சுத்தமாகும் என்று எண்ண வேண்டாம். அலசும் வேலையும் எச்சம் தங்கும் வாய்ப்பும்தான் கூடும். கழுவும் இயந்திரத்துக்கு நுரை குறைந்த வகையே வேண்டும், ஏனெனில் நுரை பெருகினால் நீர்த்தாரையின் வேகம் தளர்ந்துவிடும். பாஸ்பேட்டை அளக்கும் ஆய்வுக்கான பாத்திரங்களைப் பாஸ்பேட் இல்லாத டிடர்ஜென்டால் மட்டுமே கழுவ வேண்டும், இல்லையெனில் பாத்திரத்தில் தங்கிய எச்சமே முடிவில் கூடுதல் அளவாகத் தெரியும்.

கையுறையும் கண்காப்பும் அணிவதோடு, இரு கழுவுபொருள்களைக் கலப்பதையும் அறவே தவிர்க்க வேண்டும்: பிளீச்சிங் கரைசலில் அமிலம் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும், அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு உண்டாகும்.

கழுவும் வேலையில் நான் மிகவும் வலியுறுத்துவது அலசுவதைத்தான். குழாய்நீரில் பல முறை அலசிய பின், கடைசி அலசலைக் காய்ச்சி வடித்த நீரிலோ அயனி நீக்கிய நீரிலோ செய்யுங்கள். பிறகு குடுவையை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். உட்சுவரில் நீர் ஒரே மெல்லிய படலமாக இறங்கினால் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. ஓரிடத்தில் படலம் கிழிந்து துளித்துளியாகத் திரண்டால் அங்கே இன்னும் பிசுக்கு இருக்கிறது, மறுபடியும் கழுவ வேண்டும். டிடர்ஜென்ட் எச்சத்தை இந்தச் சோதனை காட்டாது; அதற்குக் கடைசி அலசல் நீரின் மின்கடத்துதிறனை அளந்து, பயன்படுத்தாத அதே நீரின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; கூடுதலாக இருந்தால் எச்சம் இன்னும் தங்கியிருக்கிறது.