ரெண்டு வாரம் வரலன்னா யாருக்கு தெரியும்? சபையில ஒருத்தர ஒருத்தர் விசாரிக்க ஒரு வழி

முதுகு ஆபரேஷன் ஆகி அஞ்சு வாரம் நான் ஆராதனைக்குப் போகல. ஆறாவது வாரம் மெதுவா நடந்து போய் நிக்கிறேன், வாசல்ல வரவேற்கிற தம்பி நல்லா சிரிச்சு கை குடுத்து "பிரைஸ் த லார்ட் அண்ணா, ஃபர்ஸ்ட் டைம் வர்றீங்களா?"ன்னு கேட்டு கையில ஒரு கார்டு வேற குடுத்துட்டான். அந்த சபையில நான் நாலு வருஷமா இருக்கேன். கோவம் வரல, சிரிப்பு தான் வந்துச்சு, ஆனா வீட்டுக்கு வந்து படுத்ததுக்கப்புறம் அந்த கார்டையே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். "நீங்கள் எங்களுக்கு முக்கியமானவர்"னு அழகா அச்சடிச்சிருந்தாங்க.

அங்க யாரும் கல்நெஞ்சக்காரங்க கிடையாது, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பத்து பேர் ஓடி வந்திருப்பாங்க. நான் வரலங்கறத கவனிக்கிற பொறுப்பு யார்கிட்டயும் இல்ல, அவ்ளோ தான் விஷயம். அதுக்கப்புறம் வேற ஒரு சபையில ஏழு வருஷமா இந்த விசாரிப்பு வேலைய ஒழுங்கு பண்ற டீம்ல இருக்கேன். தப்பு பண்ணி பண்ணி கத்துக்கிட்டத இங்க எழுதறேன்.

"இதெல்லாம் பாஸ்டர் பாத்துக்கணும்"னு சொல்றவங்க ஒரு சின்ன கணக்கு போட்டு பாருங்க. 90 குடும்பம் இருக்கிற சபை, அவர் வாரத்துக்கு 2 வீடு போறார்னு வெச்சுக்கோங்க, ஒரு சுத்து முடியவே 45 வாரம் ஆகும், நடுவுல ஒரு சாவு, ரெண்டு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரி கேஸ் வந்துட்டா வருஷமே போச்சு. யாத்திராகமம் 18ல இதே கதை தான். மோசே காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் தனியா உக்காந்து ஜனங்களோட வழக்க கேக்கறார், மாமனார் எத்திரோ வந்து பாத்துட்டு நீயும் களைச்சுப் போவ ஜனங்களும் களைச்சுப் போவாங்கன்னு சொல்லி ஆயிரம் பேருக்கு ஒருத்தர், நூறு பேருக்கு ஒருத்தர், அம்பதுக்கு ஒருத்தர், பத்துக்கு ஒருத்தர்னு பிரிக்கச் சொல்றார். நம்ம சபைகள்ல ஆயிரத்துக்கும் நூறுக்கும் தலைவருங்க நிறைய பேர் இருக்காங்க, அந்த பத்துக்கு தான் ஆள் கிடைக்க மாட்டேங்குது.

சரி, எங்க ஆரம்பிக்கறது? நோட்டுப் புத்தகத்துல. மூணு பேர் உக்காருங்க, சபையில எல்லாரையும் ஓரளவு தெரிஞ்ச ஒரு பெரியம்மா, ஒரு வாலிபப் பிள்ளை, மூப்பர்ல ஒருத்தர் இப்படி கலந்து இருந்தா நல்லது. சபைப் பேர் லிஸ்ட்ட எடுத்து ஒவ்வொரு பேருக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "இவங்க ரெண்டு வாரம் வரலன்னா யாருக்கு தெரியும்?" தெரியற ஆளோட பேர பக்கத்துல எழுதுங்க. நாங்க முதல் தடவ பண்ணப்போ பாட்டுக் குழு பேருங்களுக்கு பக்கத்துல எல்லாம் நாலஞ்சு பேர் எழுதினோம், கடைசி பெஞ்சுல உக்கார்றவங்க பேருக்கு பக்கத்துல காலியா இருந்துச்சு. அந்த காலி இடம் தான் உங்க வேலை. மத்தவங்கள பத்தி இப்போதைக்கு கவலப்படாதீங்க.

அடுத்து அந்த காலி இடத்துல எல்லாம் ஒரு ஆளோட பேர் போடணும், ஒருத்தருக்கு அதிகபட்சம் எட்டு குடும்பம். யாரைப் போடறதுங்கறதுல அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்த கொஞ்சம் நிதானமா படிங்க. கிரேக்க மொழி பேசற விதவைங்கள தினசரி சாப்பாடு பங்கிடறதுல விட்டுட்டாங்கன்னு முறுமுறுப்பு வருது. அப்போஸ்தலர்கள் அதுக்கு அன்பா இருங்கன்னு ஒரு பிரசங்கம் பண்ணி முடிச்சுக்கல, ஏழு பேர தேர்ந்தெடுக்கச் சொல்லி ஜனங்க கையிலயே குடுத்தாங்க. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, ஏழுமே கிரேக்கப் பேர். அதாவது யாரு விட்டுப் போனாங்களோ அவங்களோட பாஷையும் பழக்கமும் தெரிஞ்ச ஆளுங்க. அதனால புதுசா குடிவந்தவங்கள கவனிக்க ஏற்கனவே அப்படி வந்து தடுமாறின ஒருத்தர போடுங்க, கைக்குழந்தை வெச்சிருக்கறவங்களுக்கு அந்த ராத்திரிங்கள மறக்காத ஒரு அம்மாவ போடுங்க. பதவி இருக்கறவர்னு பாத்து போட்டா பேப்பர்ல மட்டும் தான் நடக்கும்.

மெத்தடிஸ்ட் ஆளுங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், 1742ல இங்கிலாந்துல பிரிஸ்டல்ல ஜெப வீடு கட்டின கடன எப்படி அடைக்கறதுன்னு பேசும்போது ஒருத்தர் ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடலாம்னார், ஏழைங்களால முடியாதேன்னு சொன்னதுக்கு, ரொம்ப ஏழையா பதினோரு பேர என்கிட்ட விடுங்க, நான் வாராவாரம் போய் பாக்கறேன், அவங்களால முடியலன்னா நானே போட்டுடறேன்னார். பென்னி வாங்க வீடு வீடா போனப்போ தான் யார் வீட்டுல என்ன நடக்குதுன்னே தெரிய வந்துச்சு, மெத்தடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி அதையே பன்னெண்டு பேர் கொண்ட வகுப்பா மாத்திட்டார். கடனுக்காக ஆரம்பிச்சது, விசாரிப்பா ஆயிடுச்சு!

இப்ப முதல் போன். இதுல தான் நிறைய பேர் சொதப்புவாங்க. "என்ன சிஸ்டர், ரெண்டு வாரமா ஆலயத்துல காணோம்?"னு ஆரம்பிச்சா அது வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி, அவங்க ஒரு சாக்கு சொல்லிட்டு வெச்சுடுவாங்க. எங்க டீம்ல ஒரு அக்கா இருக்காங்க, அவங்க பேசறத ஒரு நாள் பக்கத்துல இருந்து கேட்டேன். "அம்மா, சும்மா தான் கூப்பிட்டேன், போன தடவ பாத்தப்போ முழங்கால் வலின்னீங்களே, இப்ப படி ஏற முடியுதா?" அவ்ளோ தான். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, அப்புறம் இருபது நிமிஷம் நிக்காம பேசினாங்க. வலிய விட மகன் பேசாம இருக்கறது தான் அவங்களுக்கு பாரம்னு கடைசில வந்துச்சு. போன் வெச்சதும் அக்கா அந்த நோட்டுல "முழங்கால், மகன்"னு ரெண்டே வார்த்தை எழுதி தேதி போட்டாங்க. அடுத்த தடவ அதுல இருந்து தான் ஆரம்பிப்பாங்களாம்.

இன்னொன்னு, "ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க"ங்கற வாக்கியத்த தயவுசெஞ்சு விட்டுடுங்க. சொல்ல மாட்டாங்க, நீங்களும் சொல்ல மாட்டீங்க. "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான் வண்டி எடுத்துட்டு வர்றேன், ஒன்பது மணிக்கு சரியா இருக்குமா?"ன்னு கேளுங்க. நாளும் நேரமும் சொல்லி கேட்டா அவங்களுக்கு சரின்னு சொல்றது ஈஸி, வேண்டாம்னு சொல்றதும் ஈஸி.

நோயாளிய பாக்கப் போனா பதினஞ்சு நிமிஷம் போதும். போறதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டுப் போங்க, கட்டில்ல உக்காராதீங்க, உங்க சித்தப்பாவுக்கு இதே வியாதி வந்து என்ன ஆச்சுங்கற கதை வேண்டாம், ஜெபம் பண்ணலாமான்னு கேட்டுட்டு சின்னதா பண்ணுங்க. யோபுவோட சிநேகிதங்க ஏழு நாள் ராத்திரி பகலா அவரோட தரையில பேசாம உக்காந்திருந்தாங்க, அது வரைக்கும் சரியா தான் செஞ்சாங்க, வாயத் திறந்ததுக்கப்புறம் தான் கெட்டுது.

சாவு வீடு தனி விஷயம். அடக்கத்தன்னிக்கு கூட்டம் நிக்க இடம் இருக்காது, மூணு மாசம் கழிச்சு ஒரு ஈ காக்கா இருக்காது. காலண்டர்ல குறிச்சு வைங்க, முப்பதாவது நாள், மூணாவது மாசம், அவர் இல்லாத முதல் கிறிஸ்துமஸ், அவங்க கல்யாண நாள், ஒரு வருஷம். இறந்தவர் பேரச் சொல்லி பேசுங்க, "அண்ணன் இந்த பாட்ட எவ்ளோ சத்தமா பாடுவார்"னு சொன்னா அழுவாங்க தான், அழட்டும். "கர்த்தருக்கு தேவைப்பட்டார், எடுத்துக்கிட்டார்"னு மட்டும் சொல்லாதீங்க. குழந்தைய பறிகுடுத்த ஒரு தாய்கிட்ட யாரோ இத சொல்லி அவங்க அதுக்கப்புறம் சபைப்பக்கமே வரல.

அப்புறம் ஜெப விண்ணப்பம்ங்கற பேர்ல நடக்கற புறணி. இது ஒண்ணு போதும், மொத்த வேலையும் பாழ். "அந்த குடும்பத்துக்காக ஜெபிங்க, புருஷன் பொஞ்சாதிக்குள்ள சரியில்லையாம்"னு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு தடவ வந்துட்டா போதும், அதுக்கப்புறம் யாரும் உங்ககிட்ட வாயத் திறக்க மாட்டாங்க, நியாயமும் அது தான். எங்க ரூல் ரொம்ப சிம்பிள், "இத யாருகிட்ட சொல்லலாம்?"னு அவங்களயே கேக்கணும், அவங்க சொன்ன ஆளத் தாண்டி போகக் கூடாது. டீம்ல இருக்கறவங்க வீட்டுக்காரருக்கும் கூடாது. ஆனா ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் முன்னாடியே சொல்லிடணும். குழந்தைக்கு ஆபத்து, வீட்டுல அடி உதை, சாகணும்னு பேசறது, இதெல்லாம் ரகசியம் கிடையாது. உயிருக்கு ஆபத்துன்னா உடனே எமர்ஜென்சி உதவிய கூப்பிடுங்க, குழந்தை விஷயம்னா சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க. அடி வாங்கின பொண்ணுகிட்ட "பொறுத்துப் போ, ஜெபம் பண்றோம்"னு சொல்லி அனுப்பறது விசாரிப்பே கிடையாது. அடிக்கற ஆளுக்கு தெரியாம, அவ பத்திரமா எங்க இருக்கணும்னு விரும்பறாளோ அதுக்கு வழி பாருங்க. வீடுகளுக்கு ரெண்டு ரெண்டு பேரா போங்க, பிள்ளைங்களோட யாரும் தனியா இருக்க வேண்டாம்.

பண உதவிக்கு ஒரு சின்ன நிதி தனியா வைங்க, வாங்கினவங்க பேர் ரெண்டு பேருக்கு மட்டும் தெரியட்டும், கணக்கு மட்டும் சபைக்கு போகட்டும். போட்டோ எடுக்கறத பத்தி பேசவே வேண்டாம்.

விசாரிக்கறவங்களும் களைச்சுப் போவாங்க, அதனால ஒரு வருஷம்னு முன்னாடியே சொல்லிடுங்க, விருப்பம் இருந்தா தொடரட்டும். லிஸ்ட்ல பாஸ்டர் குடும்பத்த போட மறந்துடாதீங்க, நாங்க மூணு வருஷம் மறந்தோம், அவர் மனைவி பேருக்கு பக்கத்துல தான் இருக்கறதுலயே பெரிய காலி இடம்.

கடைசியா, வாங்கிட்டே இருக்கறது யாருக்கும் பிடிக்காது. எங்க சபையில ரெண்டு வருஷமா கட்டில விட்டு எழ முடியாத ஒரு அம்மா இருக்காங்க, நாங்க முறை போட்டு போய் பாத்துட்டு இருந்தோம், ஒரு நாள் அவங்களே "எனக்கும் ஒரு லிஸ்ட் குடேன்பா, போன் தானே பண்ணணும்"னு கேட்டாங்க. ஆறு பேர் குடுத்தோம். போன மாசம் எனக்கு காய்ச்சல், ஒரு வாரம் தான் வரல, திங்கக்கிழமை காலைல முதல் போன் அந்த அம்மாகிட்ட இருந்து தான், "என்னப்பா, முதுகு மறுபடியும் படுத்துதா?"