கடலூர் மணற்கல்லில் பழைய ஆற்றைத் தேடும் முறை

கடலூரை அடுத்த கேப்பர் மலையின் மணற்கல் வெட்டுமுகத்தில், கிடையான அடுக்குகளுக்கு நடுவே சரிந்து கிடக்கும் மெல்லிய மணல் வரிகளை முதலில் தேடுங்கள். ஆற்றடி மணல்மேடுகள் நீரோட்டத்தின் பக்கமாகவே சரிந்து வளர்வதால், அவ்வரிகள் தாழும் திசையே அன்றைய ஓட்டத்தின் திசையாகும். வளைந்தோடும் ஆறு இடத்துக்கு இடம் திரும்புமாதலால், ஒரே வரியை நம்பாமல் பல இடங்களில் திசைகாட்டியால் அளந்து, பெரும்போக்கைக் கணியுங்கள்.

மணலின் பிறப்பிடம் அறிய, கல்லைப் பொடித்து, 2.89 அடர்த்தியுள்ள புரோமோஃபார்ம் என்னும் கனத்த திரவத்தில் இடுங்கள் (அது நச்சு, ஆய்வகத்தில் மட்டுமே செய்க). 2.65 அடர்த்தியுள்ள குவார்ட்ஸ் மிதக்க, சிர்கான், கார்னெட் போன்ற கனமான கனிமங்கள் அடியில் தங்கும். அவற்றுள் சில்லிமனைட் என்னும் கனிமம் கிடைத்தால், மூலப்பாறை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை எனக் கருதலாம். கார்னெட் காலப்போக்கில் கரையக்கூடியது; ஆகவே அது இல்லாமை எதையும் நிறுவாது. செலவு மிகுந்தாலும், சிர்கானின் யுரேனியம்-ஈய வயதை (யுரேனியம் ஈயமாகச் சிதையும் அளவால் கணிக்கும் வயதை) மேற்கிலுள்ள பாறைகளின் வயதோடு ஒப்பிடுவதையே நான் பெரிதும் நம்புவேன்.