வேடியப்பன் கல்லைப் படிப்பது எப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஏரிக்கரையிலோ புளியமரத்தடியிலோ ஒரு பலகைக்கல் நிற்கும். அதில் வில்லோடும் வாளோடும் ஓர் ஆள் செதுக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் நடுகல்தான், அதாவது வீரமரணம் அடைந்தவன் நினைவாக நட்ட கல். ஊருக்குள் போய் நடுகல் எங்கே என்று கேட்டால் விழிப்பார்கள். வேடியப்பன் கோயில் எங்கே என்று கேளுங்கள், கூடவே வந்து காட்டுவார்கள். எனக்கு அரூர்ப் பக்கக் கிராமங்களில் தபால் கொடுக்கிற வேலை. தொல்லியல் படித்தவள் இல்லை. போகிற வழியில் நின்று நின்று பார்த்துப் பழகியதுதான். எழுத்து ஒன்றுகூடத் தெரியாமலே ஒரு கல்லில் பாதிக் கதையைப் படித்துவிடலாம் என்பது என் கட்சி.

முதலில் செருப்பைக் கழற்றுங்கள். நமக்கு அது பழம்பொருள், அவர்களுக்குச் சாமி. பூசாரியோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ இருந்தால் கேட்டுவிட்டுக் கிட்டே போங்கள். "ஏம்மா, புதையல் கிதையல் பாக்க வந்தியா?" என்று ஒரு தாத்தா என்னையே மடக்கியிருக்கிறார், தபால் பையைப் பார்த்த பிறகுதான் விட்டார். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது வெளிச்சம், இதில்தான் விஷயமே இருக்கிறது. நம் பக்கத்துக் கருங்கல் கடினமானது, பழைய கற்களில் உருவம் அதிகம் புடைத்திருக்காது. வெளிச்சம் நேர் எதிரே விழுந்தால் மேடு பள்ளத்துக்கு நிழலே இருக்காது, கல் வெறும் பாறையாகத் தெரியும். கல்லை உரசிக்கொண்டு போகிற மாதிரி பக்கவாட்டில் விழவேண்டும். விடிகாலையில் போனால் நன்றாகத் தெரியும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கிழக்கு பார்த்த கல்லுக்கு அது சரிவராது. அதற்கு வெயில் தலைக்கு மேலே ஏறி, கல்லின் மேல் விளிம்பிலிருந்து கீழே வழிகிற நேரம்தான் நல்லது. தெற்கு பார்த்த கல் என்றால் காலையும் மாலையும் பரவாயில்லை. இதெல்லாம் தொல்லை என்றால் இருட்டுகிற நேரத்தில் ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். கல்லின் ஓரத்தில் ஒட்டினாற்போல் பிடித்து, இடது, வலது, மேல், கீழ் என்று நான்கு பக்கமும் மாற்றி அடியுங்கள். ஒரு கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில் வெளிச்சம் போனால் அந்தக் கோடு மறைந்துவிடும். அதனால்தான் நான்கு பக்கமும். செல்போன் ஃபிளாஷ் மட்டும் வேண்டாம், நேராக அடித்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும்.

சரி, இப்போது கல்லைப் பாருங்கள். எழுத்தை விடுங்கள், முதலில் விலங்கு உண்டா என்று தேடுங்கள். காலடியிலோ ஓரத்திலோ மாடுகள் இருந்தால் ஆநிரைச் சண்டை. அந்தக் காலத்தில் மாடுதான் செல்வம், ஓர் ஊர் மாட்டை இன்னோர் ஊரார் ஓட்டிப்போவதும் இவர்கள் விரட்டிப்போய் மீட்பதும் வழக்கம். புலி பின்னங்காலில் எழும்பி நிற்க, ஆள் அதைக் குத்தினால் புலிகுத்திக் கல். பன்றிக்கும் உண்டு. அபூர்வமாக நாய்க்கும் மரியாதை உண்டு: செங்கம் பக்கம் எடுத்தனூர்க் கல்லில் எருமைகளைக் காத்துச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனோடு, கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் செதுக்கி எழுதியும் வைத்திருக்கிறார்கள். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் அது, அதாவது 7ஆம் நூற்றாண்டு.

வீரனின் காலருகே சின்னதாகச் சொம்பு போல ஒன்று தெரிகிறதா பாருங்கள். பலரும் கவனிக்காமல் போவது இதைத்தான். நடுகல்லுக்குக் கள் படைப்பது சங்க காலத்திலிருந்தே வருகிறது. நம் தகடூர் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 232ஆவது. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை வார்த்தால் அவன் வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். தகடூர் என்பது இன்றைய தருமபுரிதான். அந்தச் சொம்பை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தப் பாட்டுதான் ஓடும்.

ஒரே உருவம், சுற்றி வேறொன்றும் இல்லை என்றால் பழைய கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். கல் மூன்று அடுக்காகப் பிரிந்து, கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் அவனைத் தூக்கிப் போவது, மேலே சாமி முன்னால் உட்கார்ந்திருப்பது என்று இருந்தால் பிற்காலத்தது. ஒரு பெண்ணோ, வளையல் போட்டு மடக்கி உயர்த்திய கை மட்டுமோ இருந்தால் அது சதிக்கல், கணவனோடு உடன்கட்டை ஏறியவளுக்கு வைத்தது.

எழுத்து இருந்தால் பெரும்பாலும் உருவத்துக்கு மேலேயும் பக்கத்திலும் ஓடும். பழைய கற்களில் வட்டெழுத்து, அதாவது தமிழின் பழைய வளைந்த எழுத்து, ஓசூர்ப் பக்கம் போகப் போகக் கன்னடமும் வரும். கங்கர், நுளம்பர் என்ற கன்னட நாட்டு அரச குலங்கள் ஆண்ட பூமியாயிற்றே. வட்டெழுத்தில் புள்ளி பெரும்பாலும் இருக்காது, அது ஒரு தலைவலி. ஆனால் வாசகம் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பதால் பிடித்துவிடலாம். 'கோவிசைய' என்று தொடங்கி அரசன் பெயர் வரும், பிறகு எத்தனையாவது ஆட்சியாண்டு, தலைவன் பெயர், ஊர், அப்புறம் 'தொறு' என்ற சொல். தொறு என்றால் மாட்டு மந்தை. முடிவில் 'பட்டான்' என்று இருக்கும், செத்தான் என்று பொருள். இந்த மூன்று சொற்களின் வடிவத்தையும் முதலில் மனதில் பதிய வையுங்கள், மற்றது தானாக வரும்.

எழுத்து தெரியவில்லை என்று கம்பியால் சுரண்டுவது, சாக்பீஸ் தேய்ப்பது, ஆசிட் ஊற்றுவது எதுவும் கூடாது. எண்ணெயும் மஞ்சளும் பூசுவது அவர்கள் வழிபாடு, அதில் நாம் தலையிட முடியாது. எனாமல் பெயின்ட் அடிக்கிற இடங்களில் மட்டும் நான் வாயைத் திறப்பேன். பள்ளத்தில் பெயின்ட் நிரம்பினால் எழுத்து போனது போனதுதான். சொன்னால் சிலர் கேட்கிறார்கள், சிலர் அடுத்த திருவிழாவுக்கு இன்னொரு கோட்டிங் அடிக்கிறார்கள்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு பேனாவை வையுங்கள், அளவு தெரியும். நேராக ஒன்று, டார்ச் வெளிச்சத்தில் நான்கு, கல் நிற்கிற இடம் தெரிகிற மாதிரி ஒன்று. ஊர், வட்டம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதை அன்றைக்கே எழுதிவிடுங்கள். இதுவரை யாரும் பதிவு செய்யாத கல் என்று தோன்றினால் கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமும் சொல்லுங்கள்.

அந்தத் தாத்தாவின் சந்தேகத்துக்கு வருகிறேன். கல்லுக்கு அடியில் புதையல் இருக்கிறது என்று நம்பி இரவோடு இரவாகத் தோண்டிச் சாய்த்த கற்கள் உண்டு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். யாராவது குழி தோண்டிய தடம் தெரிந்தால் அதையும் படம் எடுத்து வி.ஏ.ஓ.விடம் கொடுங்கள்.

வெயிலில் அலைய முடியாதவர்கள் தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்கோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ போய்ப் பழகலாம். முதலில் கல்லை மட்டும் பார்த்து நீங்களே கதை சொல்லிப் பாருங்கள், விளக்கப் பலகையை அப்புறம் படியுங்கள்.