கச்சான் காற்றில் நல்ல படலம், மாரியில் கெட்ட படலம்: குறைந்த வெப்பநிலையில் நைட்ரைட் படலம் வளர்க்கத் தொடங்குவோர் விடும் பிழைகள்

போன கிழமை, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் எங்கள் வெற்றிடச் சேம்பரின் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பிளேன்ரீ குடிக்கப் போனான். வெளியே மாரி மழை அடித்து ஊற்றுகிறது, வாவிப் பக்கமிருந்து காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. முக்கால் மணி நேரம் கழித்து வந்து கதவை மூடிப் பம்பைப் போட்டான். அமுக்க மானி 10⁻⁶ டொரைத் தொட்டதும், "சேர், தொடங்கட்டா?" என்று கேட்டான்.

திட்ட வாய் வரவில்லை. பதினொரு வருடத்துக்கு முந்தி இதே கதவைத் திறந்து வைத்துவிட்டு நான் கடலை வாங்கப் போயிருக்கிறேன்.

கையுறை போடு, கண்ணாடியை அசற்றோனில் கழுவு என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதை யாரும் சொல்லித் தருவார்கள். தெரிந்த பிறகும் விடுகிற பிழைகள்தான் எனக்குக் கவலை.

நாங்கள் வளர்ப்பது நைட்ரைட் படலம்: உலோகமும் நைதரசனும் சேர்ந்த மெல்லிய பூச்சு. அதைக் குறைந்த வெப்பநிலையில் வளர்க்கிறோம். முதலில், ஏன் குறைந்த வெப்பநிலை? காலியம் நைட்ரைட்டை வாயுக்களிலிருந்து வளர்க்கும் வழக்கமான முறைக்கு 1000 பாகைக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டைச் சாதாரணக் கண்ணாடி தாங்காது, பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. மின்சுற்றுப் போட்டு முடிந்த சிலிக்கன் சிப்கூட 400 பாகையைத் தாண்டினால் ஆபத்துத்தான். அதனால்தான் ஸ்பட்டரிங். ஆகன் அயன்கள் டார்கெட் என்ற அலுமினியத் தட்டை மொத்த, தெறித்த அணுக்கள் நைதரசனோடு சேர்ந்து படிகின்றன. கைபேசிக்குள் அலைவரிசை பிரிக்கும் வடிகட்டிகளில் இருக்கும் அலுமினியம் நைட்ரைட் படலம் இப்படிப் பிறந்ததுதான்.

தண்ணீரை மறப்பது

இதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தும் பிழை.

10⁻⁶ டொர் என்றால் ஏதோ சுத்த வெறுமை என்று பொடியன்கள் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அமுக்கத்தில் மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறுகள் கிட்டத்தட்ட ஒரு செக்கனுக்கு ஓர் அடுக்கு என்ற வீதத்தில் மேற்பரப்பில் வந்து மோதுகின்றன. நம்முடைய படலம் வளர்வது செக்கனுக்கு 0.2 நானோமீற்றர். அலுமினியம் நைட்ரைட்டின் ஓர் அடுக்கு 0.25 நானோமீற்றர். அதாவது, ஓர் அடுக்குப் படலம் போடுகிற நேரத்தில் ஓர் அடுக்கு விருந்தாளியும் வந்து நிற்கிறான். சூடேற்றிக் காய வைக்காத சேம்பரில் அந்த விருந்தாளி பெரும்பாலும் நீராவி. வந்ததெல்லாம் ஒட்டாது, சரி. ஆனால் அலுமினியத்துக்கு நைதரசனைவிட ஒட்சிசன் மேல்தான் ஆசை அதிகம். குளிர்ந்த மேற்பரப்பில் ஒட்டினது கழன்று போகவும் வழியில்லை.

எனக்கு ஏழு மாதம் போனது இப்படித்தான். ஆனி, ஆடியில் கச்சான் காற்று காய்ந்துபோய் வீசும்போது செய்த படலங்களின் முறிவுச் சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற எண்) 2.05க்கு மேல் வந்தது. நல்ல அலுமினியம் நைட்ரைட் 2.1 அளவில் இருக்க வேண்டும் என்பதால் சந்தோஷம். கார்த்திகையில் அதே அளவுகள், அதே நேரம், முறிவுச் சுட்டி 1.8. எக்ஸ் கதிர்ப் படத்தில் பளிங்கு ஒழுங்கைக் காட்டி 36 பாகைக் கோணத்தில் நிமிர்ந்து நின்ற சிகரம் கூனிப் போய்விட்டது. முதலில் நைதரசன் சிலிண்டரில் பழியைப் போட்டு மாற்றினேன். மாறவில்லை. மறுகா டார்கெட். புதியது கப்பலில் வந்து சுங்கத்தைத் தாண்டிக் கைக்கு வர மூன்று மாதம். அதிலும் 1.8.

கடைசியில் குறிப்புக் கொப்பியை எடுத்துத் திகதிகளை வரிசையாக எழுதினேன். கெட்ட படலங்கள் எல்லாம் மழை நாள். கொப்பியின் ஓரத்தில் நானே எழுதியிருந்தேன்: "மழை, சைக்கிளில் நனைந்தேன்." விடை அங்கேயே கிடந்திருக்கிறது! ஒழுங்கற்ற அலுமினியம் ஒட்சைட்டின் முறிவுச் சுட்டி 1.65 சொச்சம். நான் வளர்த்தது நைட்ரைட்டுக்கும் ஒட்சைட்டுக்கும் நடுவில் ஒரு கலப்படம்.

நாங்கள் மட்டும் ஏமாறவில்லை. ஸ்பட்டரிங்கில் செய்த இந்தியம் நைட்ரைட்டைப் பார்த்து அதன் பட்டை இடைவெளி (இலத்திரனைக் கடத்தலுக்கு விடுவிக்கத் தேவையான சக்தி) 1.9 இலத்திரன் வோல்ற்று என்று உலகமே வெகுகாலம் நம்பியது. 2002 அளவில் நல்ல பளிங்குகள் வந்த பிறகுதான் அது 0.7 பக்கம் என்று தெரிந்தது. பழைய படலங்களில் கலந்த ஒட்சிசனும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இப்போது நான் செய்வது இதுதான். சேம்பரைத் திறக்கும்போது உள்ளே விடுவது உலர்ந்த நைதரசன், அறைக் காற்றை ஒருநாளும் விடுவதில்லை. கதவு திறந்திருப்பது ஐந்து நிமிடம். படலம் படியும் கண்ணாடி, அதாவது சப்ஸ்ட்ரேட், முன்கூட்டியே கையில் தயாராக இருக்க வேண்டும். மூடிய பிறகு, சுவர்களை 100 பாகைக்கு மேல் சூடாக்கி இரவு முழுக்கப் பம்ப் ஓடட்டும். தொடங்குவதற்கு முன் சப்ஸ்ட்ரேட்டை மறைக்கும் ஷட்டரை மூடி வைத்து வெறும் ஆகனில் 15 நிமிடம் அலுமினியத்தைத் தெறிக்க விடுங்கள். டார்கெட்டும் சுத்தமாகும், சுவரில் படியும் புது அலுமினியம் மிச்ச ஈரத்தையும் விழுங்கும்.

சந்தேகமாக இருந்தால் பம்ப் வால்வை மூடிவிட்டு அமுக்கம் ஏறுவதை நிமிடத்துக்கு நிமிடம் எழுதுங்கள். நேர்கோடாக ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஓட்டை. முதலில் ஏறிப் பிறகு தளர்ந்தால் சுவரிலிருந்து கசியும் ஈரம். ஓட்டை தேடி இரண்டு நாள் பிளேஞ்சு மூட்டுகளை இறுக்குகிறவர்கள் இந்தப் பத்து நிமிட வேலையை ஏன் செய்வதில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஹீற்றர் சொல்லும் வெப்பநிலையை நம்புவது

வெப்பமானி இருப்பது ஹீற்றரில், படலம் வளர்வது கண்ணாடியில். வெற்றிடத்தில் இரண்டுக்கும் நடுவே சூடு கடத்தக் காற்று இல்லை, வித்தியாசம் 100 பாகைகூட வரும். ஒருமுறையாவது பழைய கண்ணாடித் துண்டில் இன்னொரு வெப்பவிணையை ஒட்டி அளந்து அட்டவணை போட்டு வையுங்கள்.

அமுக்கத்தைக் கூட்டி வைப்பது

சப்ஸ்ட்ரேட் குளிர்ந்திருந்தால், வந்து விழும் அணு நகர்ந்து தன் இடத்தைப் பிடிக்கச் சக்தியைக் கூடவே கொண்டு வரவேண்டும். படலம் வளரும்போது உள்ளே விடும் ஆகன், நைதரசனின் அமுக்கம் 5 மில்லிடொர் என்றால், ஓர் அணு மோதாமல் போகும் தூரம் சராசரி 1 சென்ரிமீற்றர்தான். 20 மில்லிடொரில் அதுவும் கால் பங்காகிவிடும். அப்புறம் களைத்துப்போய் விழுந்த இடத்திலேயே கிடக்கும். படலம் பஞ்சுபோல இருக்கும், அறைக் காற்றில் ஈரத்தைக் குடிக்கும். அதற்காக அமுக்கத்தை ஒரேயடியாகக் குறைத்தாலும் படலத்துக்குள் இழுவிசைக்குப் பதில் நெருக்கு விசை ஏறி, மறுநாள் காலை படலம் பழைய பெயின்ற் மாதிரி உரிந்து கிடக்கும்.

ஒற்றைச் சிகரத்தைக் கண்டு துள்ளுவது

எக்ஸ் கதிர்ப் படத்தில் ஒரே சிகரம் என்றால் பளிங்குத் துணிக்கைகள் ஒரே பக்கம் நிமிர்ந்து நிற்கின்றன, அவ்வளவுதான். ஒற்றைப் பளிங்கு என்று எழுதாதீர்கள்.

கரண்ட்

டிஃப்யூஷன் பம்ப் (சூடான எண்ணெய் ஆவியால் வாயுவை இழுக்கும் பம்ப்) சூடாக இருக்கும்போது கரண்ட் போனால் முதலில் மேல் வால்வை மூடு. மறுகா எனக்குப் போன் எடு.

காலியம்

29.8 பாகையில் உருகும். சித்திரை மதியத்தில் எங்கள் அலுமாரிக்குள் அது தண்ணீர். இரவு உறைந்தால் விரியும், கண்ணாடிப் போத்தல் வெடிக்கும். சிந்தினது அலுமினியப் பாகங்களில் பட்டால் அவை பிஸ்கற்போல நொறுங்கும். பிளாஸ்டிக் போத்தலில் வையுங்கள். எங்களிடம் இப்போது இருப்பது இரண்டாவது சப்ஸ்ட்ரேட் தாங்கி.