டீக்கடையில் பத்து விநாடி பொறுங்க

டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) உள்ள பையனையோ பொண்ணையோ வெளியே கூட்டிப் போகப் பெரிய திட்டம் வேண்டாமுங்க. ஊர்ச் சந்தை போதும். வாராவாரம் அதே கிழமை, அதே டீக்கடை. நாலைந்து வாரத்தில் கடைக்காரருக்கு முகம் பழகிவிடும். அந்தப் பழக்கம்தான் நமக்கு வேண்டியது.

எங்கள் அண்ணன் மகனுக்கு 23 வயது. முதலில் கடைக்காரர் என்னைப் பார்த்தே, "தம்பிக்கு என்னங்க வேணும்?" என்பார். நான் ரெண்டடி தள்ளி நின்று, "அவனையே கேளுங்க" என்றேன். பதில் வர பத்து விநாடி ஆகும். இவர்களில் பலருக்குக் கேட்டதைப் புரிந்துகொண்டு பேச நேரம் பிடிக்கும். நடுவில் நாம் புகுந்து பதில் சொன்னால் வாயைத் திறக்கவே மாட்டார்கள். இப்போது, "அண்ணா, ஒரு டீ, சர்க்கரை கம்மி" என்று அவனே சொல்லிக் காசும் கொடுக்கிறான். (சர்க்கரை கம்மி என்பது என் டீக்கு. அவனுக்கு தூக்கலாக வேண்டும்!)

புது இடமென்றால், ஈரோடு மாவட்டத்துக் கொடிவேரி அணையோ வெள்ளோடு பறவைகள் சரணாலயமோ, முந்தின நாளே செல்போனில் படம் காட்டிவிடுங்கள்.

தமிழ்நாட்டு அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் டிக்கெட் இல்லை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

தேர்த்திருவிழா ராட்டினத்தில் மட்டும் கவனம். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வாக இருக்கும். உலுக்கிப் போடும் ராட்டினத்தில் ஏற்றும்முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.