ஹேக்கிங் தண்டனை நியாயமா? தீர்ப்பைப் படித்து எடைபோடும் முறை

"35 ஆண்டு சிறை" என்று செய்தி வந்தால் அந்த எண்ணை ஓரமாக வையுங்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டின் உச்சத் தண்டனையையும் கூட்டிச் சொல்வது அது. அமெரிக்காவில் ஆய்விதழ்க் கட்டுரைகளை மொத்தமாக டவுன்லோட் செய்த ஆரன் ஸ்வார்ட்ஸ் மீது 2011இல் வழக்கு வந்தபோது அரசுத் தரப்பு அறிவித்தது 35 ஆண்டு வரை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்று பிறகு பேசப்பட்டதோ மாதக் கணக்கு. இத்தனை பெரிய இடைவெளியைக் காட்டி ஒருவரை ஒப்புக்கொள்ள வைப்பதே அநியாயம்.

அடுத்து, எந்தச் சட்டப் பிரிவில் வழக்கு என்று பாருங்கள். அங்கே அனுமதியின்றி நுழைந்து தகவல் எடுத்ததற்கு மட்டும் என்றால் முதல் முறைக்கு 1 ஆண்டு வரைதான். பண லாபத்துக்காகச் செய்தாலோ, எடுத்த தகவலின் மதிப்பு 5,000 டாலரைத் தாண்டினாலோ 5 ஆண்டாகிறது. அந்த மதிப்பை யார் போட்டார்கள் என்று தேடுங்கள்.

தண்டனை ஊதிப்போவது பெரும்பாலும் நஷ்டக் கணக்கில்தான். தண்டனையைக் கணக்கிட அமெரிக்க நீதிபதிகள் பார்க்கும் கூட்டாட்சி வழிகாட்டு விதிகளில் நஷ்டத் தொகை ஏற ஏறக் குற்றத்தின் படிநிலையும், அதோடு சிறைக்காலமும் ஏறும். திருடிய கார்டு எண் ஒன்றுக்குக் குறைந்தது 500 டாலர் என்று கணக்கு. 1,000 எண்கள் உள்ள ஒரு ஃபைல் சிக்கினால், ஒரு கார்டில்கூடப் பணம் போகாவிட்டாலும் நஷ்டம் 5 லட்சம் டாலர். பாதிப்பை ஆராய்ந்த செலவு, சிஸ்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த செலவு ஆகியவையும் சேரும், அது சரிதான். ஆனால் முன்பே செய்திருக்க வேண்டிய பாதுகாப்பு வேலையின் பில்லும் அதில் நுழைந்திருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். குற்றவாளியின் கைக்கு வந்த தொகையைப் பக்கத்தில் எழுதிக்கொண்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2005 முதல் இந்த விதிகள் நீதிபதியைக் கட்டாயப்படுத்துவதில்லை. கணக்கு பொருந்தாதபோது அவர் இறங்கிவந்தாரா, காரணம் எழுதினாரா?

ஒப்பிடும்போது நோக்கத்தை விட்டுவிடாதீர்கள். 1988இல் பண நோக்கமின்றி வோர்ம் (கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தானே பரவும் புரோகிராம்) பரப்பிய ராபர்ட் மோரிஸுக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். கோடிக்கணக்கில் கார்டு எண்களைத் திருடிய ஆல்பர்ட் கொன்சாலஸுக்கு 2010இல் 20 ஆண்டு. இரண்டையும் "ஹேக்கிங்" என்ற ஒரே சொல்லில் அடைத்து எடைபோட்டால் தராசு பொய் சொல்லும்.

கடைசிப் பக்கத்தையும் படியுங்கள்: இழப்பீடு, விடுதலைக்குப் பிந்தைய கண்காணிப்பு, கம்ப்யூட்டர் தடை. இழப்பீட்டைக் கட்டச் சொல்லிவிட்டு, சம்பாதிக்கத் தெரிந்த ஒரே கருவியைத் தொடாதே என்றால் அவர் எதை வைத்துக் கட்டுவார்?