சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி நாம் செய்யும் தவறுகள்

அக்கா மகளுக்கு அப்போது 15 வயது. ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் சாதத்தை இலையின் ஓரம் ஓரமாகப் பரப்பிக்கொண்டே இருந்தாள். அப்பளத்தை நொறுக்கி இலைக்கடியில் தள்ளினாள். எதிர் வரிசையிலிருந்த அத்தை, “போன வருஷம் பூசணிக்காய் மாதிரி இருந்தே, இப்பத்தான் லட்சணமா இருக்கே” என்றார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. மகளுக்கு மாதவிடாய் நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

அனோரெக்சியா, அதாவது குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் நோய் என்று டாக்டர் சொன்ன அன்று இரவே வீட்டில் பட்டிமன்றம் தொடங்கிவிட்டது. இதற்குக் காரணம் அம்மாவின் கண்டிப்பா, அப்பாவின் செல்லமா? முதல் தவறு இதுதான். 1870களில் இந்த நோய்க்கு இந்தப் பெயரை வைத்த லண்டன் மருத்துவர் வில்லியம் கல், நோயாளியைப் பார்த்துக்கொள்ள உறவினர்கள்தான் மிக மோசமான ஆட்கள் என்று எழுதினார். அந்தப் பழி வெகுகாலம் பெற்றோர் தலையில் இருந்தது. 1980களில் அதே லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் இதைத் தலைகீழாக்கி, சாப்பிட வைக்கும் பொறுப்பையே அப்பா அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தார்கள். வளரிளம் பிள்ளைகளுக்கு இன்று பல நாடுகளில் முதலில் பரிந்துரைப்பது அந்தக் குடும்பவழிச் சிகிச்சையைத்தான். மரபணுவுக்கும் இந்த நோயில் பங்கு உண்டு.

அதற்காக வளர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோபப்பட்டால் “வாயை மூடு”, அழுதால் “இதுக்கெல்லாமா அழுவாங்க” என்று கேட்டே வளரும் பிள்ளை, மனக்கஷ்டத்தை வெளியே சொல்லப் பழகுவதில்லை. அதைச் சமாளிக்க வேறு வழி தேடுகிறது. மார்க்கும் ட்யூஷனும் அவள் கையில் இல்லை, ஒரு இட்லியா இரண்டா என்பது மட்டும் அவள் கையில். சிலருக்குப் பட்டினி மனதை மரத்துப்போக வைக்கிறது. சிலர் யாருமில்லாத நேரத்தில் அளவில்லாமல் தின்றுவிட்டு, பயந்துபோய் வாந்தி எடுக்கிறார்கள். அது புலிமியா. இங்கே நம் பங்கையும் பார்க்க வேண்டும். அழுத குழந்தைக்கு பிஸ்கட், அடம்பிடித்தால் சோறு கிடையாது என்று பழக்குவது நாம்தான். “நேத்து ஜாஸ்தியாயிடுச்சு, இன்னிக்கு ராத்திரி எனக்கு வேண்டாம்” என்று மகள் காதுபட அக்கா சொல்லாத வாரமே இல்லை.

அடுத்தது, எடுத்துச் சொன்னால் புரியும் என்று நம்பி, சாப்பிடும் நேரத்தில் வாதாடுவது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆரோக்கியமான இளைஞர்கள் 36 பேருக்கு ஆறு மாதம் அரைகுறைச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் எரிந்து விழுந்தார்கள், சமையல் புத்தகங்களாகப் படித்துத் தள்ளினார்கள், தட்டிலிருந்ததை மணிக்கணக்கில் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆக, நாம் திமிர் என்று திட்டுவதில் பாதி பட்டினியின் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன அளவு உள்ளே போகும்வரை எழாமல், ஊர்க்கதை பேசுங்கள். கலோரிப் பேச்சு வேண்டாம்.

பாராட்டும் குத்தும். சிகிச்சை தொடங்கி ஆறாவது வாரம், “கன்னமெல்லாம் நல்லா தேறியிருக்கு” என்று நான்தான் சொன்னேன். குண்டாகிவிட்டேன் என்றுதான் அவள் காதில் விழுந்திருக்கிறது. மூன்று நாள் தட்டைத் தொடவில்லை.

ஒல்லியாக இருந்தால்தான் நோய் என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். புலிமியா உள்ளவர் எடை சரியாகவே இருக்கலாம். ஆண்பிள்ளைகளுக்கும் வரும். சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவது, விரல் மூட்டில் காய்ப்பு, பல் தேய்ந்துபோவது, இவற்றைக் கவனியுங்கள்.

திருஷ்டி கழித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நாள் கடத்தவே கூடாது. அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். மயக்கம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு வீட்டில் ஒரேயடியாக விருந்து வைப்பதும் ஆபத்து, எவ்வளவு கொடுப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416க்கு அழைக்கலாம். அது மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், தமிழிலும் பேசுவார்கள்.